அப்பாவின் எண்ணெய்ச் சட்டியும் என் அரைகுறைப் படிப்பும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் சங்கச் செயலாளர் போன் செய்தார். “தம்பி, நீ எண்ணெய்க் கம்பெனியிலதானே இருக்க? உடம்புக்கு உபயோகமா ஏதாவது பேசு. போன தடவை பங்குச் சந்தை பத்திப் பேசி ஒருத்தர் எல்லாரையும் கவலைப்பட வச்சிட்டார்” என்றார். நான் பேசப்போகிற விஷயமும் கொஞ்சம் கவலைக்குரியதுதான். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்தாகிவிட்டது என்று தெரியும். அதனால் யாரும் பயப்பட வேண்டாம். இன்றைக்குச் சாப்பிடலாம்.

நான் 2010-இல் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்து வெளியே போனவன். சமையல் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நான் டாக்டர் அல்ல. எண்ணெய் உடம்புக்குள் போன பிறகு நடப்பதைவிட, அதற்கு முன்னால் சட்டியில் நடப்பதுதான் எனக்கு அதிகம் தெரியும். இன்றைக்குச் சொல்லப்போவது பட்டம் வாங்கிய கையோடு நான் செய்த ஒரு தவறைப் பற்றி.

விருதுநகரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வரும் சின்ன ஊர் எங்களுடையது. பஸ் ஸ்டாண்டு வாசலில் அப்பாவுக்கு டீக்கடை. பெயர்தான் டீக்கடை, கூட்டம் வருவது வடைக்கு. காலையில் ஆறு மணிக்கு உளுந்த வடை, பத்து மணிக்குப் பருப்பு வடை, சாயங்காலம் பஜ்ஜி. என் செமஸ்டர் ஃபீஸும் மெஸ் பில்லும் அந்தச் சட்டியிலிருந்து வந்தவைதான். அப்பா எட்டாம் வகுப்பு. ஆனால் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பேப்பரில் பார்க்காமல் ஒரு நாளும் கடையைத் திறக்க மாட்டார். கடலை எண்ணெய் டின் என்ன விலை, நல்லெண்ணெய் டின் என்ன விலை, பாமாயில் டின் என்ன விலை என்பது அவருக்குத் தினப்படி பாராயணம்.

வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம் ஊருக்குப் போனபோது சூரியகாந்தி எண்ணெய் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். “அப்பா, இனிமே கடலை எண்ணெய் வேண்டாம். இதுதான் நெஞ்சுக்கு நல்லது. கடைக்கு வர்றவங்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது” என்றேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. படித்த மகன் சொல்கிறான் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு என் மனதில் இருந்த கணக்கு இதுதான். அதைச் சொல்ல எண்ணெயின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சிவில்காரர்கள் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளவும்.

எள்ளும் நெய்யும் சேர்ந்துதான் எண்ணெய் என்ற சொல்லே வந்தது என்பார்கள். எள் நெய் நமக்கு அவ்வளவு பழையது. எந்த எண்ணெயை எடுத்துக்கொண்டாலும் அதன் மூலக்கூறு ஒன்றுதான். கிளிசரால் என்ற ஒரு கொடி, அதில் தொங்கும் மூன்று நீளமான துண்டுகள். ஹாஸ்டல் கொடியில் துண்டு காயப்போட்டிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுகள்தான் கொழுப்பு அமிலங்கள். நிறைவுற்ற அமிலம் என்றால் துண்டு நேராக இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஒழுங்காக அடுக்கலாம், அதனால் சீக்கிரம் உறையும். மார்கழி மாதம் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாமல் இருப்பது இதனால்தான். துண்டில் ஒரு இரட்டைப் பிணைப்பு வந்தால் அந்த இடத்தில் மடங்கும். அடுக்க முடியாது, எண்ணெய் திரவமாகவே இருக்கும். ஒரு மடிப்பு இருந்தால் ஓலியிக் அமிலம். இரண்டு இருந்தால் லினோலியிக். மூன்று இருந்தால் லினோலெனிக். கடைசி இரண்டையும் நம் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, சாப்பாட்டில் வந்தாக வேண்டும். இப்படி ஒரு கொழுப்பு அமிலம் உயிருக்கு அத்தியாவசியம் என்று பர் தம்பதியர் 1929-இல் எலிகளை வைத்துக் காட்டினார்கள்.

இப்போது நம் வீட்டு அலமாரியைப் பார்ப்போம். எல்லாம் தோராயமான கணக்கு. தேங்காயெண்ணெயில் 90 சதவிகிதம் நிறைவுற்றது. நெய்யில் 60-க்கு மேல். பாமாயிலில் 40-க்குக் கொஞ்சம் மேல் நிறைவுற்றது, அதே அளவு ஓலியிக், லினோலியிக் 10-ஐ ஒட்டி. கடலை எண்ணெயில் 20-ஐ ஒட்டி நிறைவுற்றது, 45-க்கு மேல் ஓலியிக், 30-ஐ ஒட்டி லினோலியிக். நல்லெண்ணெயில் 15-ஐ ஒட்டி நிறைவுற்றது, மீதியை ஓலியிக்கும் லினோலியிக்கும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும். சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் நிறைவுற்றது 10-ஐ ஒட்டித்தான், லினோலியிக் மட்டும் 60-க்கு மேல்.

நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் லினோலியிக் வந்தால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். இறங்கும். இது நன்றாக நிரூபணமான விஷயம். ஆகவே பட்டியலில் லினோலியிக் அதிகம் உள்ள எண்ணெய் எதுவோ அதுவே நல்ல எண்ணெய் என்று நான் முடிவு கட்டினேன். கணக்கு சரி. ஆனால் அது சாலட்டில் ஊற்றுகிற எண்ணெய்க்கான கணக்கு. அப்பாவின் கடையில் சாலட் கிடையாது.

ஒரு வாரம் கழித்து அப்பா போன் செய்தார். “ஏப்பா, உன் எண்ணெய் நொரைக்குதுப்பா. மூணாம் நாளே சட்டி ஓரத்துல பிசின் மாதிரி ஒட்டுது. வடையில ஒரு வாடை வருதுன்னு டிரைவர் சொல்றாரு” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அது வாய்ப் பழக்கம்ப்பா, போகப் போகச் சரியாயிடும்” என்றேன். கெமிக்கல் இன்ஜினியர் சொன்ன பதில்!

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கடையில் பழையபடி கடலை எண்ணெய் டின் நின்றது. எனக்குக் கோபம். அப்பா நிதானமாகச் சொன்னார்: “நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லலை. சட்டி ஒத்துக்கலை.”

அந்த வார்த்தைக்கு அர்த்தம் புரிய எனக்கு நாலைந்து வருடம் ஆயிற்று. ஆலையில் எண்ணெய் கெடும் கணக்கைத் தினமும் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

எண்ணெயை உடம்புக்கு நல்லதாக்குகிற அந்த இரட்டைப் பிணைப்புதான் அதன் பலவீனமும். இரண்டு மடிப்புகளுக்கு நடுவில் இருக்கிற ஹைட்ரஜன் அணு மிக லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும். வெளிச்சமோ, சூடோ, உலோகமோ பட்டால் அது கழன்றுவிடும். கழன்ற இடத்தில் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் உட்காரும். உட்கார்ந்த கையோடு பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பிடுங்கும். பிடுங்கப்பட்டது தன் பக்கத்து வீட்டில் பிடுங்கும். ஒரு பொறியில் ஆரம்பித்து ஓலைக் குடிசை வரிசை முழுவதும் பற்றிக்கொள்கிற மாதிரி. சாதாரண வெப்பநிலையில் ஓலியிக் ஆக்சிஜனோடு சேரும் வேகத்தை 1 என்று வைத்தால் லினோலியிக் ஏறக்குறைய 12, லினோலெனிக் ஏறக்குறைய 25 என்பது பாடப்புத்தகக் கணக்கு. வடைச் சட்டியின் 180 டிகிரியில் இந்த இடைவெளி குறையும். வரிசை மாறாது. 30 சதவிகித லினோலியிக்கை எடுத்துவிட்டு 60 சதவிகித லினோலியிக்கை நாள் முழுவதும் அடுப்பில் வைத்தவன் நான்.

இந்த இடத்தில்தான் ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் வருகிறது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். காவல்காரன் என்று வைத்துக்கொள்வோம். வைட்டமின் ஈ என்கிற டோக்கோஃபெரால் எல்லாத் தாவர எண்ணெயிலும் கொஞ்சம் இருக்கும். பிடுங்க வருகிறவனிடம் தன்னுடைய ஹைட்ரஜனைக் கொடுத்து, சங்கிலியை அங்கேயே அறுத்துவிடும். ஆனால் ஒவ்வொரு தடவை காவல் காக்கும்போதும் அது செலவாகிறது. தீர்ந்துபோனால் பிறகு தடுக்க ஆளில்லை. எண்ணெய் பல நாள் நன்றாக இருந்து, திடீரென்று ஒரே நாளில் சிக்கு வாடை அடிப்பதன் ரகசியம் இதுதான்.

நல்லெண்ணெயைப் பாருங்கள். அதில் லினோலியிக் 40 சதவிகிதத்துக்கு மேல். கணக்குப்படி சீக்கிரம் கெட வேண்டும். ஆனால் கெடுவதில்லை. மாவடுவும் ஆவக்காயும் வருடம் தாண்டி அதில் நிற்கின்றன. காரணம், எள்ளுக்கென்றே உள்ள செசமின், செசமோலின் என்ற பொருட்கள். செசமோலின் சூட்டில் உடைந்து செசமால் ஆகும். செசமால் கெட்டிக்காரக் காவல்காரன். எள்ளை வறுத்தாலும் இதுதான் நடக்கிறது. நம் பாட்டிமார் ஊறுகாய்க்கு நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றியபோது செசமால் என்ற பெயரைக் கேட்டதில்லை. கெடாமல் நின்றதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். அப்பா நுரையைப் பார்த்ததும் அந்த வகைப் படிப்புதான்.

ஆக, ஒரு எண்ணெயைப் பற்றித் தெரிந்துகொள்ள மூன்று கேள்வி கேட்க வேண்டும். அதிலுள்ள கொழுப்பு அமிலம் எது? அதற்குக் காவல் எவ்வளவு? நாம் அதை என்ன செய்யப்போகிறோம்? நான் முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னவன். தேங்காயெண்ணெய் சட்டியில் அசையாமல் நிற்கும், ஆனால் ரத்தத்தில் எல்.டி.எல்.லைக் கூட்டும். சூரியகாந்தி ரத்தத்துக்கு ஒத்துக்கொள்ளும், நாள் முழுவதும் கொதிக்கும் சட்டிக்கு ஒத்துக்கொள்ளாது. செக்கு எண்ணெயா ரீஃபைண்டா என்று என்னிடம் கேட்காத உறவினர் கிடையாது. இரண்டிலும் கொழுப்பு அமிலம் ஏறக்குறைய ஒன்றுதான். ரீஃபைனிங்கில் வாடை நீக்க 200 டிகிரிக்கு மேல் நீராவி விடும்போது காவல்காரர்களில் ஒரு பகுதி போய்விடும். செக்கில் அவர்கள் இருப்பார்கள், கூடவே சீக்கிரம் புகைகிற கசடும் இருக்கும். தாளிக்க ஒன்று நல்லது, பொரிக்க இன்னொன்று வசதி.

இப்படி அவசரப்பட்டது நான் மட்டும் அல்ல. எங்கள் துறையே ஒரு தடவை அவசரப்பட்டது. இரட்டைப் பிணைப்பால்தானே தொல்லை என்று, நிக்கல் ஊக்கியை வைத்து ஹைட்ரஜனை ஏற்றி அதை மூடும் வித்தைக்கு வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானியர் 1902-இல் காப்புரிமை எடுத்தார். வனஸ்பதி பிறந்தது. கெடாது, உறைந்து நிற்கும், விலை மலிவு. ஆனால் அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது மீதி இரட்டைப் பிணைப்புகளில் சில திசை மாறி, மடிப்பு நிமிர்ந்து, டிரான்ஸ் கொழுப்பு ஆகின்றன. அது எல்.டி.எல்.லை ஏற்றி, நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லை இறக்குகிறது என்று 1990-இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. நம் நாட்டில் எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2021 ஜனவரியில் 3 சதவிகிதமாகவும், 2022 ஜனவரியில் 2 சதவிகிதமாகவும் குறைக்கப்பட்டது. வித்தை வந்து 120 வருடம் ஆகியிருந்தது. நான் இங்கே படித்தபோது அந்த ஹைட்ரஜனேற்றம் ஐந்து மார்க் கேள்வி. முழு மார்க் வாங்கினேன். சாப்பிடுகிறவனுக்கு என்ன ஆகும் என்று கேள்வித்தாளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, அப்பாதான் முழுக்கச் சரியா என்றால், அதுவும் இல்லை.

2017-இல் ஒரு நாள் பருப்பு வடை போட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கு நெஞ்சு வலி. மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். எண்ணெய்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். முப்பது வருடப் பீடி இருந்தது, சர்க்கரை இருந்தது, அடுப்படியில் நின்ற நாள் முழுவதும் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சட்டிதான் கண் முன்னால் நின்றது. ஏனென்றால் அந்தச் சட்டி காலியாகி நான் பார்த்ததே இல்லை. மட்டம் குறையக் குறைய மேலே புது எண்ணெய் ஊற்றுவார். ராத்திரி மூடிவைத்து, காலையில் அதிலேயே அடுப்பை மூட்டுவார்.

கெமிக்கல்காரர்களுக்குச் சொல்கிறேன், அது கலக்கித் தொட்டி ரியாக்டரேதான். உள்ளே வருவது புது எண்ணெய், வெளியே போவது வடை குடித்த எண்ணெய். சட்டியில் 8 லிட்டர். ஒரு நாளைக்கு வடையோடு போவது 2 லிட்டர். எட்டை இரண்டால் வகுத்தால் நாலு நாள், அதுதான் சராசரித் தங்கும் நேரம். ரெசிடென்ஸ் டைம் என்று நமக்கு இதே கட்டடத்தில் மூன்றாம் வருடம் சொல்லித் தந்தார்கள். ஊற்றிக்கொண்டே போனால் நாலு நாள் கழித்தும் முதல் நாள் எண்ணெயில் 37 சதவிகிதம் உள்ளேதான் இருக்கும். எட்டு நாள் கழித்தும் 14 சதவிகிதம் இருக்கும். பழசு முழுசாகப் போகவே போகாது. போகாமல் சும்மாவும் இருக்காது. பழைய மாவு ஒரு கரண்டி விட்டால் புது மாவு சீக்கிரம் புளிக்கிறதே, அந்த மாதிரி பழைய எண்ணெய் புது எண்ணெயையும் சேர்த்துக் கெடுக்கும். புது எண்ணெயின் காவல்காரர்கள் எல்லாரும் பழைய எண்ணெயோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோவார்கள்.

மறு வருடம், 2018 ஜூலை 1 முதல், பொரிக்கிற எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி நடைமுறைக்கு வந்தது. எண்ணெய் சூட்டிலும், வடையிலிருந்து வரும் தண்ணீரிலும், காற்றிலும் உடைந்து ஒட்டி உருமாறிய எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிற அளவு அது. இ.இ.இ. நண்பர்கள் சந்தோஷப்படலாம், அதை அளக்கும் கைக்கருவி ஒரு கெபாசிட்டர்தான். எண்ணெய் கெடக் கெட அதன் மின்காப்பு மாறிலி ஏறும். கருவியின் முனையைச் சூடான எண்ணெயில் விட்டால் சதவிகிதம் காட்டும்.

ஆலையில் அனுமதி வாங்கி அந்தக் கருவியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கொண்டுபோனேன். அப்பாவின் சட்டியில் வைத்தேன். 30-ஐத் தாண்டி நின்றது. அப்பா எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சிவப்பு லைட்டு எரியுதே, அப்படின்னா ஃபெயிலா?” என்றார். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

பிறகு அவரே ஒன்று சொன்னார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அடி எண்ணெயை ஒருவர் சைக்கிளில் வந்து வாங்கிப்போவார். லிட்டருக்கு ஏதோ கொஞ்சம் காசு கொடுப்பார். அது எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. “நம்மளவிடச் சின்னக் கடைக்குத்தான்ப்பா போவுது. அங்க அதுலதான் ஆரம்பிப்பாங்க” என்றார். இத்தனை நாள் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது. என் மெஸ் பில்லில் அந்தக் காசும் இருந்திருக்கும்.

அன்றைக்கு நானும் அவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இந்தத் தடவை நான் டின் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவர் சொல்வதையும் கேட்டேன். சட்டியைச் சின்னதாக்கி 4 லிட்டர் ஆக்கினால் தங்கும் நேரம் இரண்டு நாள் என்றேன். “காலைக் கூட்டத்துக்கு ஈடு பத்தாதுடா” என்றார். சரி, காலையில் மட்டும் இரண்டாவது சின்னச் சட்டி. கூட்டம் முடிந்ததும் அதில் மிஞ்சுவது முதல் சட்டிக்கு ஊற்று எண்ணெய். ஈடுக்கும் ஈடுக்கும் நடுவில் அடுப்பைச் சிம்மில் வைப்பது. உதிர்ந்த பருப்பை அவ்வப்போது அரித்து எடுப்பது, ராத்திரி துணியில் வடிகட்டுவது. தாத்தா காலத்துப் பித்தளைக் கரண்டிக்கு ஓய்வு கொடுத்தோம். பித்தளையில் இருக்கும் செம்பு எண்ணெயைக் கெடுப்பதில் முதல் ஆள். இரண்டாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் புது எண்ணெய் ஊற்றக் கூடாது, மட்டம் தானாக இறங்கட்டும் என்பது அப்பாவின் யோசனை. கடைசியில் மிஞ்சும் ஒன்றரை லிட்டரை எடுத்து வைத்துவிட வேண்டும். சட்டியைக் கழுவித் துடைத்து, மறுநாள் புதுசாக ஆரம்பிக்க வேண்டும்.

செலவு? மாதத்துக்கு ஒன்றரை டின் எண்ணெய் ஒதுங்குகிறது. கெட்டியான பழைய எண்ணெய் வடையில் அதிகமாகத் தங்கும், புது எண்ணெய் நன்றாக வடியும். அதில் கொஞ்சம் மிச்சம். முழுக்க ஈடாகவில்லை. அப்பா வடைக்கு ஒரு ரூபாய் ஏற்றினார். நாலு பேர் முணுமுணுத்தார்கள், ஒருவர் எதிர்க்கடைக்குப் போனார். மற்றவர்கள் இருக்கிறார்கள். ஒதுங்கும் எண்ணெயைச் சைக்கிள்காரருக்குக் கொடுப்பதில்லை. பொரித்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே 2018-இல் தொடங்கியது. டின்னில் சேர்த்து வைத்து, எடுக்க வரும் வண்டியிடம் கொடுத்துவிடுகிறார். வண்டி தாமதமானால் அம்மாவுக்குத்தான் கோபம். பின்கட்டில் டின் சேர்ந்துவிடுகிறது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் இவ்வளவு நல்லது என்றால் மாத்திரையாக வாங்கி விழுங்கலாமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது விற்கவும் விற்பார்கள். ஃபின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவிகிதம் கூடியது. 1994-இல் முடிவு வெளிவந்தது. கேரட்டிலும் முருங்கைக் கீரையிலும் மற்ற ஐம்பது பொருளோடு சேர்ந்து வருவது வேறு, அதில் ஒன்றை மட்டும் பிரித்து மொத்தமாகக் கொடுப்பது வேறு என்று ஆராய்ச்சியாளர்களுக்கே அது பாடமாயிற்று. நெல்லிக்காய், தக்காளி, கீரை, தோலோடு வேர்க்கடலை, ரசத்து மிளகும் மஞ்சளும், மத்தி மீன் என்று காவல்காரர்களும் நல்ல கொழுப்பும் நம் தட்டிலேயே இருக்கிறார்கள். எதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருட்களின் அட்டவணை இருக்கிறது. 528 உணவுகளை ஆராய்ந்து போட்டிருக்கிறார்கள். அந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் ஒரே ஒரு அறையில் தொடங்கியது என்பது கூடுதல் செய்தி. அட்டவணையைப் பாருங்கள். ஆனால் நான் பார்த்த மாதிரி ஒரே ஒரு பத்தியை மட்டும் பார்த்துவிட்டு அப்பாவுக்கு டின் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை சுலபம். எண்ணெயை அடுப்புப் பக்கத்திலும் ஜன்னலிலும் வைக்காதீர்கள், வெளிச்சமும் சூடும் ஆகாது. பெரிய டின்னாக வாங்கி ஆறு மாதம் வைக்காதீர்கள். ஒரே எண்ணெயைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், தாளிக்க ஒன்று, பொரிக்க ஒன்று என்று மாற்றுங்கள். அப்பளம் பொரித்த எண்ணெயைப் பாட்டிலில் புது எண்ணெயோடு கலக்காதீர்கள். நுரை அடங்கவில்லை, சீக்கிரம் புகைகிறது, கையில் பிசுபிசுக்கிறது என்றால் அது முடிந்துபோன எண்ணெய். அதற்குக் கருவி தேவையில்லை.

ஆனால் ஐந்நூறு பேர் சாப்பிடும் இடத்துக்குக் கருவி தேவை. நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை பூரிக்கு நாம் எல்லாரும் அடிமை. அந்தச் சட்டியில் எண்ணெய் எப்போது மாறியது என்று நாலு வருடத்தில் நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. எங்கள் 2010 கெமிக்கல் வகுப்பு சார்பில் அந்த அளவுக் கருவி ஒன்றை மெஸ்ஸுக்குத் தருகிறோம். இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன், முதல்வர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். மாணவர் மெஸ் கமிட்டி வாரம் ஒருமுறை அளந்து பலகையில் எண்ணை எழுதிப்போட வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். எண் அதிகமாக வந்தால் சமையல்கார அண்ணனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். எத்தனை பூரி, எத்தனை நேரம், எவ்வளவு எண்ணெய் கொடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பிறகு உட்கார்ந்து தங்கும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். இன்டர்னலுக்கு மார்க் தரலாம் என்று பேராசிரியர் தலையாட்டுகிறார்.

அப்பா இன்றைக்கும் கடையில் நிற்கிறார். முன்னைப் போல நாள் முழுவதும் இல்லை, காலை ஈடு மட்டும் அவர் கை. பீடியை விட்டுவிட்டார். இந்தச் சந்திப்புக்குப் புறப்படும்போது எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று கேட்டார். “நம்ம சட்டியைப் பத்திதான்ப்பா” என்றேன். “அந்தச் சூரியகாந்தி டின்னையும் சேத்துச் சொல்லு” என்றார்.

சொல்லிவிட்டேன்.